கையை எடுத்தால் நிற்க வேண்டிய மெசின்

பிள்ளையள், உங்கள் வேலை மேசைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பெற்றோலுக்கு எவ்வளவு ஒயில் கலப்பது, பிளக்கை எப்போது மாற்றுவது, கியர்ப் பெட்டிக்கு எந்த கிரீஸ் என்று எல்லாம் அதில் இருக்கிறது. எழுதியது நான். என் இத்தாலியன் எழுத்துப் பிழைகளைத் திருத்தியது பத்ரோனேயின், கடை முதலாளியின், மனைவி. அந்தத் தாளில் உள்ளதை இங்கே திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். வாடகைக்கு மெசின் கேட்டு ஒருவர் அவசரமாக வந்து நிற்கும்போது, வெளியே அவருடைய லொறி இயங்கிக்கொண்டு நிற்கும்போது, உங்கள் மனம் என்ன செய்யும் என்று அந்தத் தாளுக்குத் தெரியாது. என் மனம் ஒருமுறை என்ன செய்தது என்று சொல்கிறேன்.

இது திரிவெல்லாவைப் பற்றிய கதை. புதிதாக வந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: மேலே ஒரு சின்ன எஞ்சின், இரண்டு பக்கமும் பிடிகள், கீழே ஆள் இடுப்பளவுக்குச் சுருள் தண்டு, அதன் நுனியில் வெட்டும் அலகுகள். நிலத்தில் நட்டுப் பிடித்து விசையை அழுத்தினால் தண்டு சுற்றிக்கொண்டு இறங்கும், குழி விழும். விசையிலிருந்து கையை எடுத்தால் தண்டு நிற்கவேண்டும். இந்தக் கடைசி வசனத்தை நினைவில் வைத்திருங்கள்.

நான் சிசிலித் தீவில் உள்ள இந்தப் பலெர்மோவுக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். இவர், என் கணவர், எனக்கு முன்னமே வந்து மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சின்யோராவின் வீட்டில் துப்புரவு வேலை. அவருடைய கணவர்தான் நம் பத்ரோனே. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத்து ஒழுங்கையில் இந்தக் கடையை அப்போதே நடத்திக்கொண்டிருந்தார். வீட்டு வேலை முடிந்ததும் கடைக்கு வந்து, திரும்பி வந்த மெசின்களைக் கழுவித் துடைத்து வைப்பேன். ஒருநாள் புல்லு வெட்டுகிற மெசின் ஒன்று இயங்க மறுத்தது. மெக்கானிக் வேலையை விட்டுப் போய் இரண்டு கிழமை. நான் காபரேட்டரைக் கழற்றி ஊதிப் பூட்டி இயக்கிக் கொடுத்தேன். பத்ரோனே வாயைத் திறந்தபடி நின்றார். அதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் தண்ணீர் இறைக்கிற மெசின் ஓட்டியவர்கள் எல்லோருக்கும் காபரேட்டர் கழற்றத் தெரியும். எங்கள் வீட்டில் அது என் வேலை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு மேசை கிடைத்தது. வேலைக்குரிய காகிதமும் கிடைத்தது, அதை வைத்துத்தான் இத்தாலியில் தங்குகிற அனுமதியான என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பித்தேன். வாடிக்கையாளர்கள் கவுண்டருக்கு வந்து, "மெக்கானிக் எங்கே?" என்று என்னிடமே கேட்பார்கள். "நான்தான்" என்று சொல்லும்போது எனக்கு இரண்டங்குலம் உயரம் கூடும். அந்த இரண்டங்குலம்தான் பிறகு செய்த பிழைக்கெல்லாம் காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்த வசந்தத்துக்குக் கொஞ்சம் முன்பு, கனடாவில் முப்பது வருசம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு சிசிலிக்காரர் கடைக்கு வந்தார். தன் சாமான்களோடு கப்பலில் வந்த ஒரு திரிவெல்லாவை விற்க வேண்டும் என்றார். சிவப்பு நிறம், கீறல் கூட இல்லை. எஞ்சினின் பக்கத்தில் ஒரு மீன் படம். உறைந்த ஏரியின் மேல் நின்று பனிக்கட்டியைத் துளைத்து, அந்தத் துவாரத்துக்குள் தூண்டில் விட்டு மீன் பிடிப்பார்களாம். சின்யோரா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உதாலை கிரனீத்தா செய்யலாமோ?" என்று கேட்டார். கோடையில் நாங்கள் காலையில் பாணோடு சாப்பிடுகிற ஐஸ்தான் கிரனீத்தா. எல்லோரும் சிரித்தோம். பத்ரோனேக்கு அழகான மெசின் என்றால் மனம் இளகிவிடும். வாங்கிவிட்டார்.

மொண்டெல்லோவில் வருசாவருசம் கோடைக்கு முன்னே கடற்கரையில் மரக் குடில்களை வரிசையாகக் கட்டுவார்கள். அந்தக் குடில்களுக்கும் வேலிக்கும் கால் நட குழி வேண்டும். எங்கள் கடையில் திரிவெல்லா எடுத்துக் குழி போடுகிற ஒரு வேலைக் கூட்டம் இருந்தது. அதற்கு ஒரு காப்போ, மேற்பார்க்கிறவர். உரத்த குரல், நல்ல மனிதர், பொறுமை மட்டும் இல்லை. திரிவெல்லா பிடிக்கிறவன் மொரீசியஸ்காரன். காகிதத்தில் அவன் பெயர் "மூர்கென்". முதல்முறை அதை வாசித்தபோது மூர்க்கன் என்றே வாய்க்குள் வந்தது. ஆள் அதற்கு நேர்மாறு. கதிரையில் பூனை நித்திரை கொள்கிறதென்று, அதை எழுப்பாமல் வேறிடத்தில் இருப்பான். அது முருகன்தான் என்று எனக்குப் பிறகு விளங்கியது. அப்படியே கூப்பிட்டேன். சந்தோசப்பட்டான். தமிழில் அவனுக்குத் தெரிந்தது சாமிப் பெயர்களும் சில சாப்பாட்டுப் பெயர்களும் "அக்கா" என்ற சொல்லும். இரண்டு தமிழர் இத்தாலியனில் கதைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து பத்ரோனே தலையில் கை வைப்பார். நான் இதைத் தமிழில் எழுதுகிறேன், ஆனால் நாங்கள் கதைத்ததெல்லாம் இத்தாலியன்.

அந்த வசந்தத்தில் காப்போ வந்தபோது எங்கள் நிலத் திரிவெல்லா கியர்ப் பெட்டி உடைந்து மேசையில் துண்டு துண்டாகக் கிடந்தது. மாற்றுப் பாகம் வடக்கேயிருந்து வரவேண்டும்.

"எனக்கு நாளைக்கு வேணும். இல்லாட்டி வேற கடைக்குப் போறன்," என்றார் காப்போ.

பத்ரோனே என்னைப் பார்த்தார். நான் சிவப்பு மெசினைப் பார்த்தேன்.

"இது கல்லுமாதிரி உறைஞ்ச தண்ணியையே துளைக்குது. மணல் என்ன பெரிய விசயம்," என்றேன்.

அது என் முதல் பிழை. மெசினைத் தெரிவு செய்யும்போது மெசினைப் பார்த்தேன், நிலத்தைப் பார்க்கவில்லை. நில அலகின் நடுவில் ஒரு கூர் இருக்கும், அது முதலில் இறங்கித் தண்டை நேராகப் பிடித்து வைக்கும். பக்கத்துப் பற்கள் தடிப்பானவை, கல்லில் பட்டாலும் தாங்கும். பனிக்கட்டி அலகு சவர அலகு மாதிரி. சீவிக்கொண்டு போகும், அவ்வளவுதான். பனிக்கட்டிக்குள் ஆணி இல்லை, கயிறு இல்லை, போன வருசத்து வேலிக்கால் இல்லை. கடற்கரை மணலுக்குள் இவை எல்லாம் உண்டு. கடையின் பின்னால் ஒரு பீப்பாயில் ஈர மணலை நிரப்பி அதில் இறக்கிப் பார்த்தேன். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. என் பீப்பாயிலும் கயிறு இருக்கவில்லை.

முதல் நாள் நன்றாக வேலை செய்தது. இரண்டாம் நாள் ஸிரோக்கோ அடித்தது. ஆபிரிக்காப் பக்கமிருந்து வருகிற அந்தக் காற்று அடித்தால் பலெர்மோ முழுக்க அடுப்பங்கரை ஆகிவிடும். மத்தியானத்துக்கு முன்பு காப்போ மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தார். முருகனும் கூட வந்தான்.

"நிண்டு நிண்டு போகுது அக்கா. விசையை விட்டவுடனை எஞ்சின் செத்துப்போகுது. ஒவ்வொரு குழிக்கும் கயிறு இழுத்து இழுத்து என்ர தோள் போச்சு," என்றான்.

காரணம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த எஞ்சின் கடுங்குளிர்க் காற்றுக்குச் சரிசெய்யப்பட்டது. குளிர்க் காற்று அடர்த்தியானது, அதற்கு அதிக பெற்றோல் வேண்டும். ஸிரோக்கோவில் அதே அளவு பெற்றோல் போனால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும், விசையை விட்டவுடன் அணையும். காபரேட்டரைத் திறந்து பெற்றோல் வருவதைக் குறைத்திருக்கவேண்டும். அதற்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். வெளியே லொறி இயங்கிக்கொண்டு நின்றது. காப்போ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எஞ்சின் சும்மா நிற்கும்போது எவ்வளவு வேகமாக ஓடவேண்டும் என்று தீர்மானிக்கிற ஒரு சின்ன ஸ்குரூ இருக்கிறது. அதை ஒன்றரைச் சுற்றுத் திருகினேன். எஞ்சின் அணையாமல் ஓடியது. காப்போ, "ப்ராவா," என்றார்.

அப்போது நான் ஒன்றைக் கண்டேன். இதைத்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று இவ்வளவு வருசமாக நினைத்திருந்தேன். விசையில் யாருடைய கையும் இல்லை. சுருள் தண்டு மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. எஞ்சின் வேகம் கூடினால் உள்ளே கிளச் தானாகப் பிடிக்கும், தண்டு சுற்றும். நான் கூட்டிவிட்ட வேகம் கிளச்சின் எல்லைக்குப் போய்விட்டது. கண்ணால் கண்டேன். சூடு ஆறினால் சரிவரும் என்று எனக்கு நானே சொன்னேன். "மெக்கானிக்கால் முடியவில்லை" என்று அந்த மனிதர் நினைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. மெசினைத் தூக்கி முருகனின் கையில் கொடுத்தேன்.

"பத்திரமாய்ப் பிடி," என்றேன்.

அடுத்த நாள் பத்து மணியளவில் ரெலிபோன் வந்தது. பத்ரோனே கேட்டுக்கொண்டிருந்தார், முகம் மாறிக்கொண்டே போனது. மணலுக்குள் புதைந்து கிடந்த ஒரு பழைய வள்ளக் கயிற்றில் அலகு மாட்டியிருக்கிறது. முருகன் விசையை விட்டிருக்கிறான். தண்டு நிற்கவில்லை. கயிறு சுற்றி இறுகி, கீழே தண்டு சிக்கியபோது மேலே எஞ்சினும் பிடிகளும் சுற்றத் தொடங்கிவிட்டன. பிடி அவன் வலது முன்கையில் அடித்து இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. பக்கத்தில் நின்றவன் பாய்ந்து பிளக் வயரை இழுத்துக் கழற்றியதால்தான் அதோடு நின்றது.

மத்தியானம் மெசினைக் கொண்டுவந்து வைத்தார்கள். தண்டில் கயிறு பாம்பு மாதிரிச் சுற்றியிருந்தது. காப்போ ஒரு பழைய மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு மூன்று மணிக்கு வந்து சோதிப்பதாகச் சொல்லியிருந்தார். பத்ரோனே சாப்பிடப் போனார். கடையின் இரும்புக் கதவை அரைவாசி இறக்கிவிட்டு, நான் மட்டும் உள்ளே இருந்தேன்.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்கமாட்டேன். என் பெர்மெஸ்ஸோவை நினைத்தேன். இவரை நினைத்தேன். "மெக்கானிக் எங்கே?" என்ற கேள்வியை நினைத்தேன். ஸ்குரூ டிரைவரை எடுத்து அந்த ஸ்குரூவை ஒன்றரைச் சுற்றுத் திரும்பத் திருகிப் பழையபடி வைத்தேன். கால் சுற்றுக்கூடப் பிசகவில்லை. அதுதான் இப்போது நினைத்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

மூன்று மணிக்குச் சோதித்தார்கள். கயிற்றை வெட்டி எடுத்து, மெசினை இயக்கி, விசையை விட்டார்கள். ஸிரோக்கோ ஓய்ந்திருந்ததால் எஞ்சின் அணையவில்லை, தண்டு மட்டும் உடனே நின்றது. கூட வந்த மெக்கானிக் தோளைக் குலுக்கினார்.

"மெசினிலை ஒரு பிழையும் இல்லை. பெடியன் பயத்திலை விசையை இறுக்கிப் பிடிச்சிருக்கிறான்," என்றார்.

காப்போ தலையை ஆட்டினார். "அப்ப அவன் சொன்னது பொய். இனி அவனை வைச்சிருக்க ஏலாது," என்றார். பத்ரோனே என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தண்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் கழித்து முருகனைப் பார்க்கப் போனேன். அவர்கள் அல்பெர்கேரியா என்கிற பகுதியில், சந்தையைத் தாண்டிப் போகிற ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருந்தார்கள். தோடம்பழமும் ஒரு டப்பாவில் புட்டும் கொண்டுபோனேன். அவன் மனைவி கதவைத் திறந்தாள். என்னைக் கட்டிப்பிடித்து, "நீங்கள் ஒராள்தான் வந்தனீங்கள்," என்றாள். நான் டப்பாவை அவளிடம் நீட்டினேன்.

முருகன் கட்டிலில் சாய்ந்து இருந்தான். கை முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டில். இடது கையால் புட்டை எடுத்துச் சாப்பிட்டு, பெயர் என்ன என்று கேட்டு, "புட்டு, புட்டு" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டோ? உங்களுக்கு மெசின் தெரியும். கயிறு பிடிச்சவுடனை நான் விசையை விட்டனான். எனக்கு அப்பிடித்தான் ஞாபகம். ஆனா நான் விடேல்லை எண்டு எல்லாரும் சொல்லுகினம். இரவும் பகலும் யோசிச்சுப் பாக்கிறன். சிலவேளை நான் விடேல்லையோ? மனிசனுக்குத் தன்ர கை என்ன செய்தது எண்டு தெரியாமல் போகுமோ?"

அவன் கோபமாகக் கேட்டிருந்தால் நான் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். அவன் கோபப்படவில்லை. அந்தக் கையை ஏதோ அந்நியமான சாமானைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் எலும்பை மட்டும் முறிக்கவில்லை என்று அப்போது விளங்கியது.

"நீ விட்டனீ," என்றேன். "நீ விட்டும் அது நிக்கேல்லை. நான்தான் ஸ்குரூவைக் கூட்டி வைச்சனான். தண்டு ஊருறதை அண்டைக்கே பாத்தனான். பாத்தும் உன்ர கையிலை தந்தனான். பிறகு அவையள் சோதிக்க வர முன்னம் ஸ்குரூவைத் திருப்பி வைச்சதும் நான்தான்."

அவன் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. கீழே சந்தையில் யாரோ மீன் கூவி விற்கிற சத்தம் மட்டும் கேட்டது. முருகன் கண்ணை மூடினான். திறந்தபோது அவன் சொன்னது ஒன்றே ஒன்று.

"அப்ப நான் விட்டனான்."

"ஓம். விட்டனீ."

அவன் பெரிதாக ஒரு மூச்சு விட்டான். அவன் மனைவி என்னைத் திட்டினாள், தன் கிரியோல் மொழியில், நீண்ட நேரம். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, எல்லாம் விளங்கியது. டப்பாவைக் கழுவிக் கையில் தந்து கதவைக் காட்டினாள்.

அடுத்த நாள் காலை கடை திறந்தவுடன் பத்ரோனேயிடம் சொன்னேன். வேலை போகும் என்று தெரிந்துதான் சொன்னேன். முதல் நாள் இரவே இவரிடமும் சொல்லியிருந்தேன். இவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "சொல்லத்தான் வேணும்," என்றார்.

பத்ரோனே கேட்டார்: "எத்தினை சுத்து?"

"ஒண்டரை."

"திரும்ப அப்பிடியே வை."

வைத்தேன். காபரேட்டர் மாற்றமில்லாமல் அப்படியே இருந்தது. பத்ரோனே காப்போவையும் அந்த மெக்கானிக்கையும் கூப்பிட்டார். மெசினை மேசையில் இறுக்கிப் பூட்டி இயக்கினோம். எஞ்சின் சூடாகும் வரை பார்த்துக்கொண்டு நின்றோம். விசையில் கை இல்லை. தண்டு ஊர்ந்தது. பிறகு நன்றாகவே சுற்றத் தொடங்கியது. பத்ரோனே ஒரு கயிற்றுத் துண்டை எடுத்து எட்ட நின்று அதன் மேல் எறிந்தார். மெசின் அதை ஒரே இழுப்பில் விழுங்கியது. காப்போவின் முகத்தில் இரத்தம் வற்றியது.

"பெடியன் பொய் சொல்லேல்லை," என்று பத்ரோனே சொன்னார். "என்ர கடைதான் பொய் சொன்னது."

என்ர கடை என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. அதற்காக நான் அந்த மனிதரை இன்றைக்கும் மறக்கவில்லை.

காப்போ நேரே அல்பெர்கேரியாவுக்குப் போய் முருகனிடம் மன்னிப்புக் கேட்டதாக அறிந்தேன். கை சுகமாகும் வரை அவன் இடத்துக்கு வேறு ஆள் வைக்கவில்லை. பத்ரோனே என்னை வேலையால் நிறுத்தவில்லை, ஆனால் மேசையிலிருந்து எடுத்துவிட்டார். கோடை முடியும் வரை பழையபடி மெசின் கழுவினேன். "மெக்கானிக் எங்கே?" என்று ஆட்கள் கேட்டால், "இப்ப இல்லை," என்று சொல்வேன். அது எனக்கு நல்லது செய்தது. சிவப்பு மெசினை ஆல்ப்ஸ் பக்கம் போன ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். விற்பதற்கு முன் காபரேட்டரை ஒழுங்காகத் திறந்து சரிசெய்யும் வேலையைப் பத்ரோனே என்னிடமே தந்தார். சரியாக ஒரு மணித்தியாலம் எடுத்தது.

கார்த்திகை மாதமளவில் முருகன் கடைக்கு வந்தான். எங்கோ தோட்டவேலி வேலை. நிலத் திரிவெல்லா வேண்டும். கை கொஞ்சம் மெலிந்திருந்தது. நான் அதை இரண்டு தரம் சோதித்துக் கவுண்டரில் வைத்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்துச் சுகம் விசாரித்தான். பிறகு மெசினை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், கயிற்றை இழுத்து இயக்கி, விசையை முழுக்க அழுத்தி, சட்டென்று கையை எடுத்தான். குனிந்து தண்டைப் பார்த்தான். அது நின்றது. இன்னொரு தரம் செய்தான். நின்றது. மூன்றாம் தரமும் செய்துவிட்டு வந்துதான் கையெழுத்துப் போட்டான்.

பிறகு பத்து வருசத்துக்கு மேல் அவன் எங்கள் கடைக்கு வந்தான். தைப்பொங்கலுக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள், அவர்கள் காவடி எடுக்கிற நாளில் நாங்கள் போவோம். அவன் மனைவி என்னோடு மறுபடி கதைக்க ஒன்றரை வருசம் பிடித்தது, பிறகு என் மகளின் கலியாணத்துக்கு முதல் ஆளாக வந்து மரக்கறி வெட்டினாள். ஆனாலும் வாசலில் மூன்று தரம் இயக்கி, மூன்று தரம் கையை எடுத்துப் பார்க்காமல், என் கையிலிருந்து ஒரு மெசினைக்கூட முருகன் கொண்டுபோனதில்லை. பக்கத்தில் நின்ற ஆட்கள் சிலர், "உனக்கு அவவிலை நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் திரும்பிப் பார்க்காமல் கயிற்றை இழுப்பான். சோதித்து முடித்து, "சரி அக்கா, போட்டு வாறன்," என்று தமிழில் சொல்லிவிட்டுப் போவான்.

அவன் சோதிக்கும்போது நான் ஒருமுறையும் உள்ளே போனதில்லை. கைவேலையை நிறுத்திவிட்டு, வாசலுக்கு வந்து, அவன் பக்கத்தில் நின்று, அந்தத் தண்டு நிற்பதை அவனோடு சேர்ந்து பார்ப்பேன்.